எங்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்க



வியாழக்கிழமை சத்துணவு முடிந்ததும் நீல மாத்திரை தருகிறார்கள். அதில் எத்தனை மாத்திரை சுவருக்கு அந்தப் பக்கம் போகிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஏன்டி என்று கேட்டால், "குமட்டுது", "வெளிக்குப் போனா கறுப்பா இருக்கு, பயமா இருக்கு" என்பார்கள். கறுப்பாகப் போவது இரும்புச் சத்தால்தான், கெடுதல் இல்லை என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல் அதிகம். கூடவே டீ குடித்தால் சத்து சரியாகச் சேராது, நெல்லிக்காய் தின்றால் நன்றாகச் சேரும். இதையெல்லாம் நர்ஸ் அக்கா எனக்குச் சொன்னது, நானாகப் போய்க் கேட்டபோதுதான். 2019-21 கணக்கெடுப்புப்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 59 பேருக்கு ரத்தசோகை. மாத்திரை சுவர் தாண்டிப் போகலாமா?

வைத்தியம் பிள்ளைகளுக்கு என்றால் பிள்ளைகளிடமும் சொல்ல வேண்டும், கேட்க வேண்டும். "சின்னப் பசங்களுக்கு என்ன தெரியும், வாயைத் திற" என்றால் வாயைத் திறப்போம், அப்புறம் துப்பிவிடுவோம்.

தினம் தெரிந்த மாத்திரைக்கே இப்படி. புது மருந்தைச் சோதிக்கும்போது? பிள்ளைகளிடம் சோதிப்பதே பாவம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரியவங்க மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தால் அது சின்னப் பிள்ளைக்குச் சரியான மருந்தாகிவிடாது. 2011ல் தொடங்கி தில்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் 6,799 கைக்குழந்தைகளிடம் சோதித்த பிறகுதான், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் நம் நாட்டு ரோட்டா சொட்டு மருந்து வந்தது.

ஆனால் கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2009ல், அப்போது ஆந்திராவில் இருந்த கம்மம் மாவட்டத்தில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியை 10 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு ஆய்வுத் திட்டமாகப் போட்டார்கள். சில பிள்ளைகள் இறந்ததால் 2010ல் நிறுத்தினார்கள். ஊசி காரணமாகத் தெரியவில்லை என்று விசாரணையில் சொன்னார்கள். ஆனால் 2013ல் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை வந்தது. ஆந்திராவில் பார்த்த 9,543 சம்மதப் படிவங்களில் 2,763ல் கையெழுத்துப் போட்டது விடுதிக் காப்பாளர்கள்! அம்மா அப்பா இல்லை. நல்ல ஊசிக்கே கெட்ட பேர் வந்துவிட்டது.

2017ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பிள்ளைகளுக்கென்றே விதிமுறை வெளியிட்டது. ஆராய்ச்சி என்றால் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. ஏழு வயதிலிருந்தே பிள்ளையின் வாய்வார்த்தைச் சம்மதம் வேண்டும். 12க்கு மேல் என்றால் எழுத்தில் வேண்டும். எனக்கு 14. அப்படியென்றால் என் கையெழுத்துக்கும் மதிப்பு உண்டு!

2025 பட்ஜெட்டில் நம் தமிழக அரசு, 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு அதே எச்.பி.வி. ஊசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. இது ஆராய்ச்சி இல்லை, தடுப்பூசி. நான் போட்டுக்கொள்வேன். ஆனாலும் பேரைக் கூப்பிடுவதற்கு முந்தின வாரம் ஒரு பீரியட் எங்களுக்கு ஒதுக்குங்கள், டீச்சர். எங்கள் வீட்டுக்கு வரும் தாளை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவதே நான்தான். எனக்குப் புரிந்தால்தான் அம்மாவுக்குப் புரியும். கூட்டம் வைத்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வையுங்கள், அதுவரை கூலி வேலைக்குப் போன அம்மாக்கள் வர முடியாது.

எத்தனை ஊசி? மாதவிலக்கு நாளில் போடலாமா? ராத்திரி காய்ச்சல் வந்தால் யாரிடம் போவது? பையன்கள் சிரிப்பார்கள் என்று எழுந்து கேட்காமல் இருப்பவர்களுக்காக, பேர் போடாமல் கேள்வி எழுதிப் போட ஒரு அட்டைப்பெட்டி வைத்தால் போதும். பெட்டி நான் கொண்டு வருகிறேன்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி, வையம்பட்டி