அடுக்களையின் எழுதாக் கல்வி

தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கன் ஒருவன் கல்லூரி மலருக்குக் கட்டுரை வரையப் புகுந்தால், கம்பனைப் பற்றியோ இளங்கோவடிகளைப் பற்றியோ வரைவான் என எதிர்பார்ப்பது இயல்பே. அவன் பேரீச்சம்பழச் சட்னியைப் பற்றி வரைந்துளான் என்று கேட்பின், ஆசிரியப் பெருமக்கள் புருவம் நெரிப்பர். விடுதி நண்பர்கள் நகைப்பர். நகைப்போர் நகைக்க. ஓலைச்சுவடி ஒன்றைக் கறையான் அரித்தது எனக் கேட்டால் நெஞ்சம் பதைக்கின்ற நாம், ஒரு பாட்டியின் கையோடு மறைந்துபோகும் கல்வியைக் குறித்து வாளா இருப்பது முறையோ என்பதே யான் ஈண்டு எழுப்பும் வினா.

முதற்கண் பொருளை இன்னதென வரையறுப்போம். உண்பன, தின்பன, நக்குவன, பருகுவன என உணவை நால்வகையாகப் பகுத்தனர் நம் முன்னோர். சட்னி என்னும் சொல்லோ, நக்குதல் என்று பொருள்படும் இந்தி வினைச்சொல்லினின்று பிறந்தது. ஆதலின் பெயர் வடக்கிலிருந்து வந்ததாயினும், அப்பொருளுக்கு நம் இலக்கணத்தில் முன்னரே ஓர் இருக்கை இடப்பட்டிருந்தது எனலாம். நாம் நாடோறும் இட்டிலியோடு உண்ணும் தேங்காய்ச் சட்னி அன்று யான் குறிப்பது. பேரீச்சம்பழம், உலர்ந்த திராட்சை, புளி, வெல்லம் இவற்றைக் கூட்டிச் சுக்கும் சீரகமும் சேர்த்துக் காய்ச்சும் இனிப்பும் புளிப்புமான சட்னியே அது. வடநாட்டார் இதனைச் 'சோண்ட்' என்பர். சோண்ட் என்பது சுக்கின் பெயர்; சேர்க்கும் சுக்கே சட்னிக்குப் பெயராயிற்று. தயிர்வடையின் மீதும், கடைத்தெருவில் விற்கும் சாட் வகைகளின் மீதும் இதனை ஊற்றி உண்பது அவர் வழக்கம். வங்காளத்திலோ பேரீச்சம்பழமும் மாம்பழ வற்றலும் தக்காளியும் சேர்த்துச் செய்த சட்னியை விருந்தின் இறுதியிற் பரிமாறுவர்.

இதில் இன்னுமொரு நயம் உண்டு. அராபியர் பேரீச்சம்பழத்தைத் 'தமர்' என்பர். நம் புளியை அவர் 'தமர் ஹிந்தி', அஃதாவது இந்தியப் பேரீச்சை என்று அழைத்தனர். 'டாமரிண்ட்' என்னும் ஆங்கிலப் பெயரும் அதன் வழிவந்ததே. ஆகவே இச்சட்டியில் ஒன்றுகூடுவன இரண்டு பேரீச்சைகள். ஒன்று இனிப்பது, மற்றொன்று புளிப்பது. பெயரால் உடன்பிறந்தாரான இவ்விரண்டும் சுவையால் மாறுபட்டு, அடுப்பின்மேல் மீண்டும் ஒன்றாகின்றன.

நிற்க. எம் பாட்டனார் இரயில்வேப் பணியிலிருந்த காலத்து ஜபல்பூரிற் சில ஆண்டு குடியிருந்தார். அண்டை வீட்டு அம்மையார் ஒருவரிடம் எம் பாட்டியார் இச்சட்னியைக் கற்றார். திருநெல்வேலிச் சீமைக்கு மீண்ட பின்னர், வடநாட்டு வெல்லத்தின் இடத்தில் கருப்பட்டியைப் பெய்தார். அன்று தொட்டு ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு நாளுக்கு ஒரு கிழமை முன்னரே எம் இல்லத்துப் பீங்கான் பரணி நிரம்பிவிடும். கீதப்பவனி வருவோர்க்கு முறுக்கோடும் வடையோடும் அது பங்கிடப்படும். கடந்த கிறிஸ்து பிறப்பு நாளில் அப்பரணி வெறுமையாயிருந்தது. பாட்டியாரின் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. கரண்டி பிடிக்க இயலவில்லை. கடையினின்று ஒரு புட்டி வாங்கி வந்தோம். பாட்டியார் விரல்நுனியால் தொட்டு நாவில் வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை, தட்டைச் சற்றே அப்பால் நகர்த்தினார். அந்நகர்த்தலே இக்கட்டுரைக்கு வித்து.

"அளவு சொல்லுங்க பாட்டி, நானே செய்யுறேன்" என்றேன். "அளவு என்னல அளவு! கண்ணு பாக்கும், கை போடும்" என்றார். மிகவும் வற்புறுத்தியபின், பேரீச்சம்பழம் ஐந்து பிடி, திராட்சை மூன்று பிடி, புளி எலுமிச்சங்காய் அளவில் மூன்று உருண்டை, கருப்பட்டி ஒன்றரை வட்டு என்றார். அவ்வாறே செய்தேன். விளைந்ததோ திகட்டும் இனிப்புடைய களி; அடியும் பிடித்துவிட்டது. எனக்குக் கைப்பக்குவம் இல்லை என வீட்டார் தீர்ப்பளித்தனர்.

அத்தீர்ப்பை என் உள்ளம் ஏற்கவில்லை. மறுநாள் தராசு ஒன்றைக் கொணர்ந்து பாட்டியாரின் முன் வைத்து, "ஒரு பிடி அள்ளுங்க" என்றேன். நடுங்கும் கையால் அள்ளினார்; 40 கிராம். பின் யான் அள்ளினேன், 62 கிராம். ஐந்து பிடிக்கு 200 கிராம் ஆகவேண்டியது 310 கிராமாயிற்று. பழங்கள் பிடிக்கணக்கில் மிகுந்தன. உருண்டைக் கணக்கிலிருந்த புளியோ மிகவில்லை. இனிப்பு மிஞ்சியதற்கும் சட்டி அடிபிடித்ததற்கும் காரணம் என் கையிற் பக்குவம் இன்மையன்று, என் கை பெரிதாயிருந்தமையே. கைப்பக்குவம் என நாம் வியந்து ஒதுக்கும் பொருளிற் பெரும்பகுதி எழுதப்படாத கணக்கே என்பதை அன்று அறிந்தேன்.

அக்கணக்கை ஈண்டு எழுதிவைக்கின்றேன். விதை நீக்கிய பேரீச்சம்பழம் 200 கிராம், கருந்திராட்சை 100 கிராம், கொட்டை நீக்கிய புளி 100 கிராம், கருப்பட்டி 150 கிராம், சுக்குப்பொடி ஒன்றரைத் தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த சீரகம் 2 தேக்கரண்டி, மிளகாய்ப்பொடி 1 தேக்கரண்டி, உப்பு 2 தேக்கரண்டி. புளியை அரை லிட்டர் வெந்நீரிலும், பேரீச்சம்பழத்தைக் கால் லிட்டர் வெந்நீரிலும் அரைமணி நேரம் ஊறவிடுக. புளியைக் கரைத்துச் சக்கையும் நாரும் நீங்க வடிகட்டுக. பழத்தை ஊறிய நீரோடு அரைத்துக்கொள்க. கருப்பட்டியைச் சிறிது நீரிற் கரைத்துக் கொதிக்கவைத்து வடிகட்டுக. மணல் இருந்தால் அது அடியில் தங்கிவிடும். மூன்றையும் ஒன்றாக்கிச் சிறுதீயில் ஏற்றித் துழாவிக்கொண்டே இருக்க. அரைமணி அளவிற் குழம்பு கரண்டியின் முதுகில் ஒட்டும். அப்பொழுது திராட்சையை முழுதாகவும், பொடிகளையும் உப்பையும் இட்டு மேலும் ஐந்து நிமிடம் காய்ச்சுக. ஒரு துளியைத் தட்டில் விட்டு, அதனைச் சுற்றி நீர் கசியவில்லையேல் பதம் வந்தது என்று அறிக. ஆறியபின் மேலும் இறுகுமாதலின், நாம் விரும்பும் பதத்துக்குச் சற்று முன்னரே இறக்குதல் வேண்டும்.

சட்டியைத் தேர்தலிலும் கவனம் வேண்டும். மண்சட்டியோ கல்சட்டியோ எவர்சில்வர்ப் பாத்திரமோ ஏற்றது. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களிற் புளியைக் காய்ச்சுதல் தீது; புளியிலுள்ள அமிலம் அவ்வுலோகங்களை அரித்து உணவில் இறக்கிவிடும். பாட்டியாரிடம் காரணம் கேட்டால், "களிம்பு ஏறும்" என்ற இரு சொல்லே விடை. வேதியியல் ஆசிரியர் கரும்பலகை நிறைய எழுதும் பாடம் அவ்விரு சொல்லில் அடங்கிக் கிடந்தது. அவ்வாறே, ஈரக்கரண்டி இடலாகாது என்னும் விலக்கும் பொருளுடையது. இனிப்பு, நீரைத் தன்பால் ஈர்த்துப் பிடித்துக்கொள்வதாலும், புளிப்பு மிகுந்திருப்பதாலும் நுண்ணுயிர்கள் எளிதிற் பெருகா. ஈரம் புகுந்த இடத்தில் அக்காப்பு தளர்ந்து பூஞ்சை படர்கின்றது. உலர்ந்த பரணியில் இட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்து, ஒரு திங்களுக்குள் உண்டு முடித்தல் நன்று.

இனி, தடை நிகழ்த்துவோர்க்கு விடை கூறுவேன்.

"கடையிற் புட்டி கிடைக்கும்போது ஒரு மணி நேரத்தை ஏன் அடுப்படியிற் செலவிடுதல் வேண்டும்?" என்பார் உளர். நேரமில்லாதார் வாங்குக, யான் தடுக்கேன். ஆயினும் வாங்குமுன் புட்டியின் முதுகிலுள்ள சிற்றெழுத்துக்களைப் படிக்க. சேர்பொருள்களை எடையின் இறங்குவரிசையிற் குறித்தல் வேண்டும் என்பது சட்டம். யாம் வாங்கிய புட்டியில் முதலில் நின்றது சர்க்கரை, அடுத்தது நீர், பேரீச்சம்பழம் அவற்றுக்குப் பின்னரே வந்தது. பெயரளவில் தலைமை பெற்ற பழம் எடையளவிற் கடைநிலை எய்தியிருந்தது. பாட்டியார் தட்டை நகர்த்தியதன் உரையை யான் அச்சீட்டில் கண்டேன்.

"எழுதிவிட்டால் கைப்பக்குவம் கெடும்; அளவுகோல் கலைக்குப் பகை" என்பார் பிறர். யாப்பிலக்கணம் கற்றதனால் எப்புலவனும் கெட்டதில்லை. சீரும் தளையும் அறிந்தவனே அவற்றை நெகிழ்த்தவும் அறிவான். அளவை எழுதிவைத்தபின் பாட்டியாரிடம் மேலும் நுண்ணிய வினாக்களைக் கேட்க முடிந்தது: இவ்வாண்டுப் புளி புதிதாயின் என் செய்வது? கருப்பட்டி கரித்தால் எவ்வளவு உப்பைக் குறைப்பது? எழுத்து, கைப்பக்குவத்தின் வாயிலைத் திறந்ததேயன்றி அடைக்கவில்லை.

எழுதாமையால் நேர்ந்த இழப்பைத் தமிழ் மாணாக்கர் நன்கு அறிவோம். சிறுபாணாற்றுப்படையில், நல்லியக்கோடன் பாணர்க்கு அளிக்கும் விருந்து வீமன் இயற்றிய மடைநூலின் நெறி வழுவாமற் சமைக்கப்பட்டது எனப் புலவர் கூறுகின்றார். டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் ஏடு தேடி அலைந்து, 1889-ஆம் ஆண்டு பத்துப்பாட்டை அச்சேற்றியமையால் அப்பாட்டு நமக்கு எஞ்சிற்று. அது சுட்டும் மடைநூலோ நம் கைக்கு வரவில்லை. விருந்தின் புகழ் நின்றது. சமைத்த முறை மறைந்தது. நம் வீடுகளிலும் இதுவே நிகழ்கின்றது. "எங்கள் பாட்டி சட்னிபோல் வாராது" என்று பேரன்மார் பெருமை பேசுவர். அச்சட்னி எவ்வாறு ஆயது என்று கேட்டால் விழிப்பர்.

மூன்றாவது தடையே பெரிது: "ஆண்பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை?" என்பது. குறுந்தொகையின் 167-ஆம் பாட்டை வகுப்பிற் படித்து மகிழாதார் யார்? புதுமணப்பெண் முற்றிய தயிரைத் தன் மெல்விரலாற் பிசைகின்றாள். அவ்விரலைத் துடைத்த ஆடையோடே நிற்கின்றாள். தாளிப்பின் புகை அவள் கண்ணைக் கவிகின்றது. அவள் ஆக்கிய இனிய புளிக்குழம்பைக் கணவன் உண்டு இனிதென்கின்றான். அவள் முகம் நுண்ணிதின் மலர்கின்றது. கூடலூர் கிழார் தீட்டிய அவ்வோவியத்துக்கு ஈடில்லை. ஆயினும், புளிக்குழம்பைத் தன் கையால் ஒரு மணி நேரம் துழாவிய பின்னர் அப்பாட்டை மீண்டும் படித்தேன். புகை என் கண்ணிலும் பட்டிருந்தது. அவன் இனிதென்று சொன்னான்; நன்று. எழுந்து சென்று துடுப்பை வாங்கினானா என்னும் வினா அன்றுதான் எனக்குத் தோன்றிற்று. புகையைத் தான் அறியாதவன் சொல்லும் பாராட்டு, பாதிப் பாராட்டே.

நளனும் வீமனும் மடைத்தொழில் வல்லோராயிருந்தனர் எனப் பழங்கதைகள் கூறும். கிறிஸ்தவனாகிய எனக்கோ அவற்றினும் நெருங்கிய சான்று ஒன்று உண்டு. யோவான் எழுதின சுவிசேஷம் 21-ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையிற் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்து, இரவெல்லாம் உழைத்து வந்த சீடரைக் காலையுணவுக்கு அழைக்கின்றார். மரணத்தை வென்றவர்க்கு அடுப்பு மூட்டுதல் இழிவாகத் தோன்றவில்லை. அவர் நாமத்தை அணிந்த நாம், கிறிஸ்து பிறப்பு நாளன்று திண்ணையில் அமர்ந்து உண்டு, பாட்டிமாரும் அன்னைமாரும் புகையில் நிற்கப் பார்த்திருத்தல் எங்ஙனம் தகும்?

ஆதலின், அன்பு நண்பர்காள், வரும் விடுமுறையில் ஒரு தராசும் ஒரு குறிப்பேடும் கொண்டு உங்கள் அடுக்களைக்குட் புகுக. சட்னியாயினும் ஆகுக, ஊறுகாயாயினும் ஆகுக. மூத்தோர் கைப்பிடியை நிறுத்து எழுதுக. எழுதியவாறு நீங்களே சமைத்து அவர்க்குப் படைக்க. காலம் தாழ்த்தற்க. ஏட்டைக் கறையான் தின்றால் பிறிதோர் ஊரிற் பிறிதோர் ஏடு கிடைத்தலும் கூடும். கைக்குப் படி இல்லை.

இரண்டாம் முறை யான் காய்ச்சிய சட்னியைப் பாட்டியார் விரல்நுனியாற் சுவைத்தார். சற்றுப் பொறுத்து, "சுக்கு கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். தட்டை மட்டும் அப்பால் நகர்த்தவில்லை.