சட்டிக்குள் கை விடாதே!

தோழர்களே! வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் ஷிப்டு முடித்து, காதில் ஸ்பிண்டில் இரைச்சல் அடங்காமல் வீடு திரும்பும் பெண்ணுக்கு அடுப்பருகே நிற்க அரைமணி நேரம்கூட இல்லை. அவள் என்ன செய்கிறாள்? கால் கிலோ மாட்டுக்கறியை நாருக்குக் குறுக்கே மெல்லிசாக நறுக்குகிறாள். நார்ப்போக்கில் வெட்டினால் கிழட்டுக் காளையின் கறி பல்லைப் பதம் பார்த்துவிடும். உப்பு, மிளகுத்தூள், மஞ்சள் போட்டுப் பிசறி வைத்துவிட்டு நூடுல்ஸை வேகவைத்து வடிக்கிறாள். இரும்புச் சட்டி புகையும்போது எண்ணெய், தட்டிய பூண்டு, கறி. நல்ல தீயில் ஐந்தாறு நிமிஷம் புரட்டி, கறி வெந்ததும் வெங்காயம், முட்டைக்கோஸ், கடைசியில் நூடுல்ஸ். பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்தாகிவிட்டது.

இந்தச் சட்டியைக் கண்டுதான் பசு பக்தர்களுக்கு வயிறு எரிகிறது!

2017 மே 23-ல் மோடி சர்க்கார் ஓர் ஆணை போட்டது. சந்தையில் மாட்டை வெட்டுக்கு விற்கக் கூடாதாம்! ஒட்டன்சத்திரம், மணப்பாறை சந்தைக்குக் காளையை ஓட்டிப்போகும் ஏழை விவசாயியைக் கேளுங்கள். ஏருக்கு உதவாத கிழட்டு மாட்டை விற்றால்தான் அடுத்த மாட்டுக்கு முன்பணம். விற்காதே என்றால் வைக்கோல் யார் போடுவது? நாகபுரியிலிருந்து வண்டி கட்டி அனுப்புவார்களா? ஒரே வாரத்தில், மே 30 அன்று, உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அந்த விதிகளுக்குத் தடை போட்டது. ஜூலை 11-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை நாடு முழுவதற்கும் நீட்டித்தது.

கோர்ட்டில் தோற்றவர்கள் தெருவில் கை வைக்கிறார்கள். 2019 ஜூலையில் நாகை பொரவச்சேரியில் மாட்டுக்கறி சூப் குடித்த படத்தை முகநூலில் போட்ட ஒரு வாலிபரை அடித்துக் காயப்படுத்தினார்கள். இது புதுசல்ல. 1966 நவம்பர் 7 அன்று டில்லியில் பசுவதைத் தடை கேட்டு வந்த கும்பல் காமராஜர் வீட்டையே தாக்கித் தீ வைத்தது!

இவர்களுடைய பக்தியின் யோக்கியதை என்ன? 2014 தேர்தல் மேடையில் இறைச்சி ஏற்றுமதியை 'இளஞ்சிவப்புப் புரட்சி' என்று சாடினார் மோடி. பதவிக்கு வந்த பிறகும் எருமைக்கறி ஏற்றுமதியில் இந்தியா உலகின் முதல் வரிசையிலேயே நின்றது. பெரிய வியாபாரி கப்பலில் ஏற்றினால் அந்நியச் செலாவணி. கூலிக்காரன் சட்டியில் போட்டால் பாவம்! 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. இரும்புச் சத்துள்ள கறியைத்தான் தொடாதே என்கிறார்கள்.

நம் பக்கமும் ஒரு வார்த்தை, தோழர்களே, கோபிக்க வேண்டாம். சேரித் தோழர் வீட்டுக் கறியை நம்மிலேயே சிலர் 'பெரிய கறி' என்று குரலைத் தாழ்த்திச் சொல்லுகிறோம். மாநாட்டுப் பந்தியில் ஆடும் கோழியும் தாராளமாக வரும். மாடு மட்டும் வராது. கேட்டால், "எல்லோரும் சாப்பிட வேண்டுமே" என்று பதில். அந்த 'எல்லோரில்' சேரித் தோழர் இல்லையா? 2022 மே மாதத்தில் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிக்கு இடமில்லை என்றபோது நாமெல்லோரும் கொதித்தோம். நியாயம்தான். அடுத்த மே தினத்துக்குத் திண்டுக்கல்லில் நம் சங்கம் பந்தி போடும்போது, ஆட்டுக்கறி அண்டாவுக்குப் பக்கத்தில் இன்னொரு அண்டா ஏறுமா?