காத்து அமுக்காது தம்பி, தூக்கும்!

டி.வி.யில் புயல் சின்னத்தின் அந்தச் சுருள் படத்தைக் காட்டியதும் பெரம்பலூர், அரியலூர்க்காரர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். ‘நமக்குத்தான் கடலே கிடையாதே!’ கடலூர், நாகப்பட்டினம் என்று கடலோர மாவட்டங்களை வரிசையாக வாசிப்பார்கள். நம்ம பெயர் வராது. லிஸ்டில் பெயர் வராததற்கு மனுஷன் சந்தோஷப்படுகிற இடம் அநேகமாக இது ஒன்றுதான்.

புயலுக்கு லிஸ்ட் எல்லாம் தெரியாது சார். 2011 டிசம்பர் 30-ம் தேதி ‘தானே’ வந்து பண்ருட்டிப் பக்கத்து முந்திரி, பலாவையெல்லாம் சாய்த்ததே, அந்தக் கடலூர் மாவட்டம் நமக்கு அடுத்த வீடு. 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய ‘கஜா’ திண்டுக்கல் வரைக்கும் போனது. அங்கே ஏது கடல்? ரொம்பப் பழசு வேண்டுமானால், 1956 நவம்பர். அரியலூர் பக்கத்தில் மருதையாற்று வெள்ளம் ரயில் பாலத்தையே பெயர்த்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து, 140 பேருக்கு மேல் போய்விட்டார்கள். ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தது அதற்காகத்தான்.

சரி, வீட்டுக்கு வருவோம். நம்ம வாசகர்களில் பாதிப்பேர் மொட்டைமாடி ஷீட் ரூம் ஆசாமிகள். ஐப்பசி பிறந்ததும், “அண்ணே, காத்தடிச்சா ஷீட்டு ஆடுது” என்று ஹவுஸ் ஓனரிடம் போய் நிற்பீர்கள். அவர் மாடியேறி, உடைந்த அம்மி ஒன்று, நாலு செங்கல், ஒரு பழைய டயர் (அவருடைய டி.வி.எஸ்.50-க்குச் சொந்தமானது) எல்லாவற்றையும் ஷீட் மேல் வைத்துவிட்டு, “இனிமே யானையே வந்தாலும் அசையாது தம்பி” என்பார்.

யானைக்கு அசையாதுதான். காற்றுக்கு?

அரியலூரிலிருந்து கிளம்புகிற சிமென்ட் லாரியைப் பாருங்கள். நிற்கும்போது தார்ப்பாய் சமர்த்தாகப் படுத்திருக்கும். வேகம் எடுத்ததும் பலூன் மாதிரி மேலே உப்பும். காற்று கூரை மேல் வேகமாக ஓடும்போது அதை அமுக்குவதில்லை, மேலே உறிஞ்சுகிறது. ஓரத்திலும் மூலையிலும் அந்த உறிஞ்சல் ஜாஸ்தி. இதில் காற்றடிக்கிற பக்கத்துக் கதவையும் திறந்து வைத்தால் தீர்ந்தது; உள்ளே புகுந்த காற்று அடியிலிருந்தும் தள்ளும். ஷீட் கிளம்பினால் அம்மியும் கூடவே கிளம்பும். அது யார் தலையில் இறங்கும் என்பது அவரவர் ஜாதகம்.

வேண்டியது கனம் இல்லை, பிடிப்பு. ஷீட்டைக் குழாயோடு கவ்வுகிற கொக்கி போல்ட்டும் வாஷரும் துருப்பிடிக்காமல் இருக்கிறதா, ஓரத்து வரிசையில் ஒன்றுகூட விடாமல் இருக்கிறதா? அந்தக் குழாயே சுவரோடு ஒழுங்காகப் பிணைந்திருக்கிறதா? மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

புயலைவிட எனக்குப் பயம் மறுநாள் காலைதான். மழை விட்டதும் நம்மாட்கள் வீரர்களாகிவிடுவார்கள். ஈர ஷீட் நடுவில் கால் வைத்தால் நேராகக் கட்டிலுக்கே வந்து சேரலாம், அதுவும் கட்டில் அங்கே இருந்தால். தெருவில் அறுந்து கிடப்பது கேபிள் டி.வி. ஒயரா, கரண்ட் ஒயரா என்று பட்டிமன்றம் வேண்டாம். ஈரத் தரையிலும் கரண்ட் பாயும். தள்ளி நின்று மின்னகம் 94987 94987-க்கு போன் அடியுங்கள். மற்ற அவசரத்துக்கு மாவட்டத்தில் 1077.

இன்னொன்று, லுங்கி காயப் போடுகிற கொடிக்கம்பி. ஒரு முனை ஷீட் குழாயில், மறுமுனை மின் கம்பத்தில் அல்லது சர்வீஸ் ஒயர் வருகிற குழாயில் கட்டியிருப்பீர்கள். ஒயர் தோல் உரிந்திருந்தால் கம்பி முழுக்க கரண்ட். ஈரத் துணியோடு கை வைக்கிற ஆள் நீங்கள். இன்றைக்கே அதை அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டிவிடுங்கள்.

போல்ட் செலவு யாருடையது என்று ஓனரிடம் கேட்டால், “குடியிருக்கிறது நீதானே தம்பி” என்பார். ஷீட் யாருடையது என்று திருப்பிக் கேளுங்கள்!