“நல்ல சுகம்” என்ற சொல்

“எப்படி இருக்கிறீர்கள்?” என்று எவர் வினவினும், “நல்ல சுகம்” என்று விடையிறுப்பது நம்மவர் வழக்கம். மூட்டு வலியால் இரவெல்லாம் உறங்காதவரும் அவ்வாறே கூறுவர். விருந்தினரிடம் இப்பண்பு அழகுடையது. ஆனால், உடற்குறையுற்றோருக்கான அரசாங்கக் கொடுப்பனவை நாடி விண்ணப்பித்தவர், தம்மைச் சோதிக்கும் அலுவலரிடமும் இவ்வாறு மொழிந்தால், விண்ணப்பம் மறுக்கப்படுதல் கூடும்.

நம் உறவினர் பலர் வாழும் இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘பிப்’ என்னும் கொடுப்பனவு, நோயின் பெயரை மட்டும் நோக்கி வழங்கப்படுவதன்று. சமைத்தல், நீராடல், உடுத்தல் முதலிய அன்றாடக் கருமங்கள் ஒரு பிரிவு. நடமாட்டம் மற்றொரு பிரிவு. ஒரு பிரிவில் 8 புள்ளிகள் பெற்றால் கொடுப்பனவு உண்டு. 12 பெற்றால் தொகை உயரும். ஒரு கருமத்தை ஒருவர் ஆபத்தின்றியும், செவ்வையாகவும், வேண்டியபோதெல்லாம், நியாயமான நேரத்துள்ளும் செய்ய வல்லவரா என்பதே சட்டம் கேட்கும் வினா. “சமையல் நானே செய்வேன்” என்று கூறும் தாய், கொதிக்கும் பானையை மகளே இறக்கி வைக்கிறாள் என்பதைச் சொல்லாது விட்டுவிடுகிறார்!

மறுப்புக் கடிதம் வந்தால் மனந்தளர வேண்டாம். முதலில் அதன் திகதியைப் பாருங்கள். அன்றிலிருந்து ஒரு மாதத்துள், தீர்ப்பை மீளாய்வு செய்யுமாறு கேட்டல் வேண்டும். அதுவும் பயன் தராவிடின், மீளாய்வின் முடிவு வந்த திகதியிலிருந்து ஒரு மாதத்துள் சுதந்திரமான நியாயசபைக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்குக் கட்டணமில்லை. பொதுவாக ஒரு நீதிபதியும், ஒரு வைத்தியரும், உடற்குறையுற்றோர் வாழ்வை அறிந்த ஒருவரும் அங்கே அமர்ந்து விசாரிப்பர். ஆங்கிலம் பேச இயலாதவர் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். ஒன்றை நினைவிற் கொள்க: முதல் தீர்ப்பு வழங்கப்பட்ட நாளில் இருந்த நிலையையே சபையார் ஆராய்வர், பின்னர் நோய் முற்றியிருப்பின் அதனைக் கணக்கிற் கொள்ளார்.

ஆதலால், மறுப்புக்குக் கூறப்பட்ட காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து விடை எழுதுக. வைத்தியரின் கடிதத்தோடு, துணை செய்யும் மகனோ மகளோ நாள்தோறும் காண்பதையும் எழுதி இணைத்தல் நன்று. மிகைப்படுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். உள்ளதை உள்ளவாறு கூறுவது இரத்தலாகாது. அக்குடும்பம் உரிமையோடு கேட்கும் உதவிக்கு அதுவே சான்று.