போதகர் மனைவியின் மடியில் மணிமுடி

ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையில், ஸ்டோன்ஹேவன் என்னும் துறைமுகப் பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே, கடலுக்குள் துருத்தி நிற்கும் செங்குத்துப் பாறை ஒன்றின் தலையிலே டனொட்டர் கோட்டை பாழடைந்து கிடக்கிறது. மூன்று புறமும் வட கடல். எஞ்சிய புறத்திலே ஆழ்ந்த பள்ளம். அதில் இறங்கி ஏறினாலன்றி வாயிலை அடைதல் இயலாது.

1297ஆம் ஆண்டு வீரன் வில்லியம் வொலஸ் இப்பாறையிலிருந்த தேவாலயத்துக்குத் தீ மூட்டி, உள்ளே ஒளிந்த ஆங்கிலப் படையினரை எரித்தான் என்பர். அதைப் பாடிய புலவன் ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் பிந்தியவன். ஆதலால் அதனை அவன் பொறுப்பில் விட்டு, நாம் மேலே செல்வோம்.

1651ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் இரண்டாம் சார்ள்ஸ் மன்னருக்கு ஸ்கோனில் முடிசூட்டப்பட்டது. அதற்குள்ளேயே குரொம்வெல்லின் படை நாட்டினுள் புகுந்திருந்தது. முடியும் செங்கோலும் உடைவாளும் டனொட்டருக்கு அனுப்பப்பட்டன. கோட்டைக்குரிய கீத் குலத்துப் பிரபுவோ பகைவர் கையிற் சிறைப்பட்டு இலண்டனில் இருந்தார். ஏறத்தாழ எழுபது வீரருடன் காவல் புரிந்தவர் ஜோர்ஜ் ஓகில்வி. எட்டு மாதம் அவர் தாக்குப்பிடித்து, 1652 மே மாதத்திற் சரணடைந்தார். வென்றவர்கள் அறைதோறும் தேடினர். முடியைக் காணோம்!

அது முன்னரே வெளியேறிவிட்டது. பக்கத்துக் கினெஃப் ஊர்ப் போதகர் ஜேம்ஸ் கிரெயின்ஜரின் மனைவி கிறிஸ்டியன் ஃபிளெச்சர், ஓகில்வியின் மனைவியைக் காணவந்தவர் போல் நுழைந்து, முடியை மடியில் மறைத்துக் குதிரையேறினாராம். உடன்வந்த பணிப்பெண் செங்கோலையும் வாளையும் சணற்பொதிக்குள் வைத்துச் சுமந்தாளாம். ஆங்கிலத் தளபதியே கைகொடுத்து அம்மையாரைக் குதிரையில் ஏற்றிவிட்டார் என்று ஊரார் சொல்லி மகிழ்வர். வேறொரு கதையோ, அவை பாறைச் சரிவிலே கயிற்றில் இறக்கப்பட்டன என்றும், கடற்பாசி பொறுக்குவதாகப் பாசாங்கு செய்த பணிப்பெண் கூடையில் ஏந்திக்கொண்டாள் என்றும் கூறுகிறது. எக்கதையை நம்பினாலும், கொண்டு சென்றவை பெண்களின் கைகளே.

போதகர் அவற்றை இரவோடிரவாகத் தேவாலயத் தரையின் கீழே புதைத்தார். முடியும் செங்கோலும் பிரசங்க பீடத்தின் முன்னே கிடந்தன. சபையார் எட்டு ஆண்டுகளாக அவற்றுக்கு மேலமர்ந்து செபித்தனர். ஈரம் அரியாதிருக்கக் கணவனும் மனைவியும் இடையிடையே இரவில் அவற்றைத் தோண்டியெடுத்து, நெருப்பிற் காட்டிப் புதுத் துணி சுற்றி மீண்டும் புதைப்பராம். இதற்கிடையில் ஓகில்வியும் மனைவியும் சிறையில் வாடினர், வாயோ திறந்திலர்.

1660இல் அரசர் மீண்டார். பரிசு வழங்கும் வேளையிலேதான் எமக்குச் சிரிப்பதா சினப்பதா என்று தோன்றவில்லை. பிரபுவின் தம்பி ஜோன் கீத் முன்னர்க் கடல் கடந்து சென்றிருந்தார். முடி அவருடன் போயிற்று என்ற பொய்ச்செய்தி பகைவரை ஏய்க்கப் பரப்பப்பட்டது. சுமக்காத முடிக்காக அவருக்குப் பதவி கிடைத்தது. 1677இல் கின்டோர் பிரபுப் பட்டமும் சேர்ந்தது. ஓகில்விக்கு அதனினும் சிறியதொரு பட்டம். மடியில் சுமந்த அம்மையாருக்கு ஸ்கொட்டிஷ் பாராளுமன்றம் 2,000 மேர்க் நாணயம் என்று தீர்மானித்ததோடு சரி.

இதே கோட்டையில், 1685ஆம் ஆண்டு, திருச்சபை விடயத்தில் மன்னரின் தலைமையை ஏற்க மறுத்த ஆணும் பெண்ணுமாக 167 பேர் நிலவறை ஒன்றில் அடைக்கப்பட்டனர். சிலர் மடிந்தனர், பாறை வழியே தப்ப முயன்று விழுந்திறந்தோரும் உண்டு. 1715ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிற் சேர்ந்த கீத் பிரபு உடைமையனைத்தையும் இழந்தார். அதன்பின் கோட்டையின் கூரையும் பலகையும் பெயர்த்து விற்கப்பட்டன. 1925இல் கௌட்ரே சீமாட்டி பழுதுபார்த்ததனாலேயே இன்று இவ்வளவேனும் நிற்கிறது.

மணிமுடியோ, 1707இல் இரு நாடுகளின் பாராளுமன்றங்களும் ஒன்றானபின் எடின்பரோக் கோட்டையில் ஒரு பேழையுள் பூட்டப்பட்டு மறக்கப்பட்டது. 1818இல் சேர் வோல்டர் ஸ்கொட் முதலானோர் பேழையை உடைத்துத் திறந்தபோது, கினெஃபில் இருந்தது போலவே, துணி சுற்றியபடி கிடந்ததாம்.