மலைச்சரிவும் செயற்கைச் சந்திரனும்

மாரிக்காலத்தில் கண்டிக்கு வரும் நண்பர்கள், ஹந்தானை மலை எங்கே என்று என்னைக் கேட்பதுண்டு. முகிலுக்குள் இருக்கிறது என்பேன். அம்முகிலை ஊடுருவிப் பார்க்கவல்ல செயற்கைச் சந்திரன் ஒன்று 2025 ஜூலை 30ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. இந்தியாவும் அமெரிக்காவும் கூடிச் சமைத்த 'நிசார்' அது. முதலில் திண்ம எரிபொருள், அடுத்துத் திரவ எரிபொருள், இறுதியில் கடுங்குளிரில் திரவமாக்கிய வாயுக்கள் என இராக்கெட்டின் மூன்று கட்டங்களும் எரிந்து, 2,392 கிலோ எடையை ஏறத்தாழ 740 கிலோமீட்டர் உயரத்தில் விட்டன.

ரேடார் அலைக்கு இரவும் தடையன்று, முகிலும் தடையன்று. பன்னிரண்டு நாட்களுக்கு ஒருமுறை அதே சரிவை நோக்குகிறது. இரு நோக்குகளை ஒப்பிட்டால், மண் ஓரங்குலத்துக்குக் குறைவாக நழுவியிருப்பதும் புலப்படக்கூடும்.

அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் வந்தது. கண்டி மாவட்டத்து மலைகள் பல இடங்களில் சரிந்தன. ஓரிரவில் கொட்டும் மழை பன்னிரண்டு நாள் காத்திராது. மெல்ல நகரும் மண்ணையே இக்கருவி முன்கூட்டிக் காட்டவல்லது, அக்குறையை மறைப்பதற்கில்லை.

ஆனால் நான் அஞ்சுவது கருவியின் குறையை அன்று. பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தின் ஆபத்து முன்பே தெரிந்ததுதான். 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுத்திருந்தார்கள். லயத்தை விட்டுப் போகத் தொழிலாளருக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வேண்டுமே! 2014 அக்டோபர் 29 காலை மலை இறங்கியபோது அவர்கள் அங்கேயே இருந்தார்கள்.