தாம்பரத்தைத் தாண்டித்தான் வரலாறா?

நாலு நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைத்து, பழைய நகரங்களைப் பார்த்துவர வேண்டும் என்று பேச்சு எழுந்தால், வசதியுள்ள வீடுகளில் இப்போது பெல்ஜியத்தின் புரூஜ், கென்ட் பெயர்கள் அடிபடுகின்றன. அவ்வளவு செலவழிக்க முடியாதவர்கள் மகாபலிபுரம், காஞ்சிபுரம், தஞ்சாவூர் என்கிறார்கள். தாம்பரமும் பல்லாவரமும் எவர் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. தாம்பரம் என்றால் சொந்த ஊருக்கு ரயில் ஏறும் இடம், தவணையில் வீடு வாங்கும் இடம். "இங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் கேட்கிறார்கள். இந்த எண்ணம் தவறானது, கேடானதும்கூட. பார்க்க ஒன்றுமில்லை என்று ஊரே நம்பிவிட்டால், காப்பாற்றவும் அங்கே ஒன்றுமில்லை என்றாகிவிடும்.

இருப்பதைக் கணக்கெடுப்போம். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். மனிதக் கை சில்லுசில்லாகப் பெயர்த்துக் கூராக்கிய கல் அது. இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததற்கு அறிவுலகம் ஏற்ற முதல் சான்று அதுதான். அதே பல்லாவரத்துக் குன்றில் ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைவித்த குகை இன்று தர்காவாக இருக்கிறது. அவன் பட்டப்பெயர்கள் அங்கே கல்லில் உள்ளன. மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயில் சோழர் காலத்தது. பின்பக்கம் போய் நின்று பார்த்தால் விமானம் மூலைகளே இல்லாமல் வளைந்து, படுத்திருக்கும் யானையின் முதுகுபோல் தெரியும். தூங்கானை மாடம் என்று நம் முன்னோர் பெயரிட்டது இந்த வடிவத்துக்குத்தான். பரங்கிமலை உச்சியில் போர்த்துகீசியர் கட்டிய கோயிலில், 1547இல் மண்ணிலிருந்து கிடைத்த சிலுவையில் பாரசீகத்தின் பகலவி எழுத்து பொறித்திருக்கிறது. அந்த மலையடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம் நோக்கி 1802இல் வில்லியம் லாம்டன் சங்கிலி பிடித்து அளந்த சுமார் 12 கிலோமீட்டர் கோடுதான், பின்னாளில் எவரெஸ்ட்டின் உயரம் வரைக்கும் நீண்ட மாபெரும் நில அளவைக்குத் தொடக்கம்.

புரூஜும் கென்ட்டும் இருக்கும் பிளாண்டர்ஸ் பகுதி நகரங்களின் பெருமையைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். கென்ட் நகரின் பிரபுக்கள் கோட்டை 1180இல் எழுந்தது. மாடம்பாக்கம் கோயில் அதற்கு முந்தியது. ஈப்பர் நகரின் துணி மண்டபம் முதல் உலகப்போரில் குண்டுவீச்சில் பெரும்பாலும் இடிந்துபோனது. இன்று பயணிகள் வியந்து படமெடுப்பது, பல பத்தாண்டுகள் உழைத்து 1967இல் முடித்த மறுகட்டுமானத்தை. புரூஜின் துறைமுகக் கால்வாய் மண் மேவி, வணிகம் நின்று, நூற்றாண்டுக் கணக்கில் வறுமையில் கிடந்த ஊர் அது. அந்த மக்கள் பழையதை மதித்தார்கள், செப்பனிட்டார்கள், வருகிறவருக்கு வழி சொன்னார்கள். ஆகவே அவர்களுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு பழமையில் இல்லை, பராமரிப்பில் இருக்கிறது. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 1722இல் பட்டயம் பெற்ற ஆஸ்டெண்ட் கம்பெனியில் பணம் போட்டவர்களில் ஆண்ட்வெர்ப், கென்ட் வணிகர்கள் முக்கியமானவர்கள். அவர்கள் பண்டகசாலை ஒன்று இருந்தது இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் கோவளத்தில். நாம் விமானம் ஏறிப் போய்ப் பார்க்கும் ஊர்க்காரர்கள், நம் கரையின் சரக்கைத் தேடிக் கப்பலில் வந்தவர்கள்.

புரூஜில் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது, இங்கே சிதறிக் கிடக்கிறதே என்பார்கள். பிளாண்டர்ஸ் பயணமும் ஒரே ஊரில் முடிவதில்லை. கென்ட்டிலிருந்து புரூஜுக்கு அரை மணி நேர ரயில். பரங்கிமலையிலிருந்து தாம்பரத்துக்கும் மின்ரயிலில் ஏறக்குறைய அதே நேரம்தான், அந்தத் தடமே 1931இல் மின்மயமான வரலாற்றுச் சின்னம். இவை வழிபாட்டு இடங்கள், சுற்றுலாவுக்கு உரியவை அல்ல என்பது அடுத்த வாதம். வான் ஐக் சகோதரர்களின் புகழ்பெற்ற ஓவியம் இருக்கும் கென்ட் தேவாலயத்திலும் பூசை நடக்கிறது. அடக்கத்தோடு நுழைகிறவரைப் பெரும்பாலான வழிபாட்டிடங்கள் விலக்குவதில்லை. வெயில், தூசி, நிழலில்லாத நடைபாதை, கழிப்பறைக்கு அலைச்சல் என்ற குறை மட்டும் முழுக்க நியாயம். ஆனால் அது ஊரில் வரலாறு இல்லை என்பதற்குச் சான்றாகாது. 2021இல் மாநகராட்சியான தாம்பரத்திடம் நாம் உரிமையோடு கேட்க வேண்டிய பட்டியல் அது.

இரண்டு நாள் போதும். முதல் நாள் காலை வெயில் ஏறுமுன் பரங்கிமலைப் படிகள், பிறகு ரயிலில் திரிசூலம் கோயில், பல்லாவரம் குன்று. மறுநாள் திருநீர்மலை, வழியில் அனகாபுத்தூரில் இன்னும் ஓடும் கைத்தறிகள், மாலையில் தாம்பரத்திலிருந்து நகரப் பேருந்தில் மாடம்பாக்கம். புரூஜுக்குப் போகிறவர்கள் மகிழ்ச்சியாகப் போய்வரட்டும். ஆனால் அங்கே யாராவது "உங்கள் ஊரில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால், பல்லாவரத்துக் கல்லைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர்களாகப் போகட்டும்.